பாட்டுக்கும் மாத வாடகை! கட்டலாமா, வேண்டாமா?

கரண்டுக்குப் பில். கேஸ் சிலிண்டருக்குத் தனிக் காசு. செல்போனுக்கு ரீசார்ஜ். பிள்ளைகளுக்கு வேன் கட்டணம். இதெல்லாம் போதாது என்று, இப்போது பாட்டுக்கும் மாதச் சந்தா வந்து வாசலில் நிற்கிறது!

"மாதம் இவ்வளவு கட்டுங்கள். கோடிக்கணக்கான பாட்டு உங்கள் கையில். விளம்பரத் தொல்லை கிடையாது. டவுன்லோடு செய்துகொண்டால் நெட் இல்லாத இடத்திலும் கேட்கலாம்" என்று ஒவ்வொரு கம்பெனியும் கூவுகிறது.

ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், யூடியூப் மியூசிக், ஆப்பிள் மியூசிக், அமேசான், கானா... பெயரைச் சொல்லவே மூச்சு வாங்குகிறது. எது தேவலை? எதற்குக் காசு கொடுக்கலாம்?

இந்தக் கேள்வி சென்னைக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. கோட்டைப்பட்டினம் கடைத்தெருவிலும் இதே பேச்சுதான். அறந்தாங்கி பஸ்ஸில் காதில் வயரை மாட்டிக்கொண்டு போகும் குமாஸ்தாவும் கேட்கிறார். விசைப்படகில் போகிற தம்பியும் கேட்கிறான். "பாய், எதுக்குக் காசு கட்டலாம்?" என்று செல்போன் கடையில் நின்று விசாரிக்கிறார்கள்.

பதிலைக் கம்பெனி விளம்பரத்தில் தேடக் கூடாது. நம் ஊர்க் கணக்கில் தேட வேண்டும். தேடிப் பார்ப்போம்.

அன்று கேசட்!

1980-களில் பாட்டு வேண்டுமென்றால் என்ன செய்தோம்? ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதினோம். ரிக்கார்டிங் கடையில் கொடுத்தோம். 60 நிமிடக் கேசட்டா, 90 நிமிடக் கேசட்டா என்று கடைக்காரர் கேட்டார். நாலு நாள் கழித்துப் போய் வாங்கி வந்தோம்.

அதில் இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் எத்தனை காசு போனது என்பது வேறு கதை. அது சரியென்று சொல்லவில்லை. ஆனால் கேசட்டை வாங்கியவன் அதற்குச் சொந்தக்காரன். மாதம் பிறந்ததும் யாரும் வந்து "கேசட்டைக் கொடு" என்று கதவைத் தட்டவில்லை. நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றினோம். மறுபடியும் பாடியது.

அப்புறம் சி.டி. வந்தது. எம்.பி.3 வந்தது. ஒரே தட்டில் நூறு பாட்டுக்கு மேல். பிறகு மெமரி கார்டு. இவை எல்லாமே கையில் பிடித்துப் பார்க்கக் கூடிய பொருள்கள்.

இன்றைக்கு வந்திருப்பது வேறு சரக்கு.

டவுன்லோடு ஆகும், சொந்தமாகாது!

பலர் ஏமாறும் இடம் இதுதான். "டவுன்லோடு" என்றதும், பாட்டு நம் போனுக்குள் வந்துவிட்டது, இனி நமக்கே சொந்தம் என்று நினைக்கிறோம்.

கிடையவே கிடையாது!

சந்தா கட்டி இறக்கும் பாட்டு, பூட்டுப் போட்ட பெட்டிக்குள் வருகிறது. பெட்டி உங்கள் போனில் இருக்கும். சாவி கம்பெனியிடம் இருக்கும். அந்தச் செயலியைத் திறந்தால்தான் பாட்டுக் கேட்கும். பென்டிரைவில் போட முடியாது. வண்டியில் இருக்கும் பழைய பிளேயரில் போட முடியாது. மகளுக்கோ மருமகனுக்கோ அனுப்ப முடியாது.

ஸ்பாட்டிஃபையில் ஒரு கருவிக்கு 10,000 பாட்டு வரை, 5 கருவிகளில் இறக்கலாம் என்கிறார்கள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் 30 நாளுக்கு ஒரு தடவையாவது நெட்டில் வந்து தலையைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இறக்கி வைத்த பாட்டும் வாய் திறக்காது. சந்தாவை நிறுத்தினாலோ, அத்தனை பாட்டும் ஒரே நாளில் ஊமை!

இதை வாடகை என்று நான் மட்டும் சொல்லவில்லை. கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

பம்பாய் ஐகோர்ட்டில் டிப்ஸ் என்ற பாட்டுக் கம்பெனிக்கும், ஏர்டெல்லின் விங்க் மியூசிக்குக்கும் வழக்கு நடந்தது. பாட்டுக் கம்பெனி சம்மதிக்காவிட்டாலும், ரேடியோ போல நாங்களும் கட்டணம் கட்டிவிட்டுப் பாட்டுப் போடச் சட்டத்தில் இடம் உண்டு என்றது விங்க். 2019-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் கோர்ட்டு அதை ஏற்க மறுத்தது. காலமெல்லாம் வைத்துக்கொள்ளும்படி டவுன்லோடு கொடுத்தால் அது விற்பனை. சந்தா இருக்கும் வரை மட்டும் கேட்கும்படி கொடுத்தால் அது வாடகை. இரண்டுமே ரேடியோ ஒலிபரப்பில் சேராது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2022-ம் ஆண்டு அப்பீலிலும் அதே முடிவு நிலைத்தது.

ஆகவே, விளம்பரத்தில் எந்தப் பெயர் போட்டாலும் சரக்கு ஒன்றுதான். இது வாடகை சைக்கிள்! மணிக்குக் காசு கொடுத்தால் ஓட்டலாம். நேரம் முடிந்தால் கடையில் விட வேண்டும். பத்து வருடம் ஓட்டினாலும் சைக்கிள் உங்களுடையது ஆகாது.

வாடகை சைக்கிள் கெட்டதா? இல்லை. அவசரத்துக்கு அதைப் போல உதவி கிடையாது. ஆனால் வாடகை என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

காசு எத்தனை?

விலைவாசியைப் பாருங்கள். 2019-ம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தா ரூ.119. அடுத்த மாதமே யூடியூப் மியூசிக் ரூ.99 என்று கடை போட்டது. 2015-ல் ரூ.120-க்கு வந்த ஆப்பிள் மியூசிக்கும் 2019-ல் ரூ.99 ஆக இறக்கியது. போட்டி இருந்ததால் நமக்கு லாபம்.

அந்தத் தேனிலவு முடிந்தது. 2024-ம் ஆண்டு ஆகஸ்டில் விளம்பரம் இல்லாத யூடியூப் பிரீமியம் ரூ.129-லிருந்து ரூ.149 ஆனது. 2025-ம் ஆண்டு நவம்பரில் ஸ்பாட்டிஃபை தன் சந்தாவை மூன்று தட்டாகப் பிரித்தது. ரூ.139, ரூ.199, ரூ.299. இதில் ரூ.139 கட்டுகிறவருக்கு விளம்பரம் வராது. ஆனால் டவுன்லோடும் கிடையாது! டவுன்லோடு வேண்டுமென்றால் ரூ.199-க்கு ஏற வேண்டும்.

ரூ.199-ஐ 12-ஆல் பெருக்குங்கள். வருடத்துக்கு ரூ.2,388. பத்து வருடத்துக்கு, விலையே ஏறாது என்று வைத்துக்கொண்டாலும், ரூ.23,880! பத்து வருடம் கழித்து நிறுத்தினால் கையில் மிஞ்சும் பாட்டு? பூஜ்யம்!

இன்னொரு பக்கம் பாருங்கள். பழைய எச்.எம்.வி. கம்பெனிதான் இன்றைய சரிகமா. அது 2017-ம் ஆண்டு கார்வான் என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே 5,000 பழைய பாட்டு. எஃப்.எம். ரேடியோ. பென்டிரைவ் சொருகவும் இடம். அன்றைய விலை ரூ.5,990. தமிழ்ப் பாட்டுக்கென்றே தனிப் பெட்டியும் வந்தது. ஒரு பாட்டுக்குச் சுமார் ரூ.1.20 விழுகிறது. நெட்டும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். புதுப் பாட்டு அதில் வராது என்பது குறை. ஆனால் தாத்தாவும் பாட்டியும் புதுப் பாட்டைக் கேட்டு அழவில்லை!

நடுக்கடலில் சோதனை

எந்தச் செயலி உயர்ந்தது என்று சென்னையில் உட்கார்ந்து சொல்லிவிடலாம். கோட்டைப்பட்டினத்தில் சொல்ல வேண்டுமானால் கடலுக்குப் போய்த்தான் சொல்ல வேண்டும்.

விசைப்படகு கரையை விட்டுக் கிளம்பி நல்ல தூரம் போனதும் டவர் கைவிட்டுவிடும். இரவு முழுக்கக் கடல். வலை இறக்கிவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் பாட்டுத்தான் துணை. தூக்கம் வராமல் சுக்கானைப் பிடித்திருப்பவருக்குப் பாட்டு ஒரு மருந்து.

இலவசச் செயலி எல்லாம் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். நெட் போனால் பாட்டும் போகும். சந்தா கட்டி டவுன்லோடு செய்திருந்தால் பாடும். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சந்தாவுக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடம் கடல்தான்.

ஆனால் அதே படகில் 16 ஜி.பி. மெமரி கார்டும் பாடும். ஒரு பாட்டு 5 எம்.பி. என்று வைத்தால் 3,000 பாட்டுக்கு மேல் அதில் அடங்கும். 30 நாள் கெடு கிடையாது. போன் மாற்றினாலும் பாட்டு போகாது. உப்புத் தண்ணீர் பட்டுப் போன் செத்தாலும் கார்டைக் கழற்றி வேறு போனில் போடலாம். சந்தாப் பாட்டோ, புதுப் போன் வாங்கி, கரையில் நெட் பிடித்து, மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் மறந்துவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. படகு கரையில் நிற்கும். வருமானம் நிற்கும். ஆனால் சந்தா நிற்காது! இரண்டு மாதத்தில் ரூ.398 கழிந்துவிடும். அதுவும் வீட்டில் அரிசிக்குக் கணக்குப் பார்க்கும் நேரத்தில்.

தானே கழியும் பணம்

"முதல் மூன்று மாதம் இலவசம்" என்று ஒரு தூண்டில் போடுவார்கள். புழுவைப் பார்த்துக் கொத்தினால் முள் தொண்டையில் இருக்கும்! இலவசத்தில் சேரும்போதே ஆட்டோபே என்ற அனுமதியை வாங்கிக்கொள்கிறார்கள். நாலாவது மாதம் முதல் பணம் தானாகவே பேங்கில் கழியும்.

ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. 2021-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல் கார்டு, யு.பி.ஐ. ஆட்டோபேவில் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும். அந்தத் தகவலைப் படியுங்கள். "ஏதோ விளம்பரம்" என்று தள்ளிவிடாதீர்கள். வேண்டாம் என்றால், பணம் அனுப்பும் செயலிக்குள் ஆட்டோபே என்ற இடத்தில் போய் ரத்து செய்யலாம். பாட்டுச் செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைப்பது தப்பு. செயலி போகும், பணமும் போய்க்கொண்டே இருக்கும்!

பிள்ளைகள் கையில் போன் இருக்கும் வீட்டில் மாதம் ஒரு தடவை இந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். நமக்குத் தெரியாமல் யார் யாருக்குப் படியளக்கிறோம் என்பது விளங்கும்.

மூடிய கடைகள் எத்தனை!

வாடகை கட்டுகிறோம், சரி. வீட்டுக்காரன் ஓடிப் போனால்?

பட்டியலைப் பாருங்கள்.

2012-ம் ஆண்டு பிப்ரவரியில் பிளிப்கார்ட் கம்பெனி, ஃபிளைட் என்ற பாட்டுக் கடையைத் திறந்தது. அது வாடகைக் கடை இல்லை. விற்பனைக் கடை! பாட்டு ஒன்று ரூ.6 முதல். பூட்டு இல்லாத எம்.பி.3. வாங்கினால் உங்களுக்கே சொந்தம். நல்ல கடை. ஆனால் 2013-ம் ஆண்டு ஜூன் மாதம் மூடிவிட்டார்கள். திருட்டுப் பாட்டு ஒழியவில்லை, சின்னத் தொகையைச் சுலபமாகக் கட்ட வழியில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

கூகுள் பிளே மியூசிக், 2020 டிசம்பரோடு சரி. பாட்டுப் பட்டியலை யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள்.

டிக்டாக்கின் தாய்க் கம்பெனி 2020-ல் ரெஸோ என்ற செயலியைக் கொண்டுவந்தது. 2024 ஜனவரி 31-ந் தேதி இந்தியக் கடையை மூடியது.

ஏர்டெல்காரர்கள் பலரும் வைத்திருந்த விங்க் மியூசிக், 2014-ல் பிறந்தது. 2024 ஆகஸ்டில் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஏர்டெல், ஆப்பிள் மியூசிக்கோடு கைகோத்தது.

கானா? 2010-ல் தொடங்கி இலவசமாகப் பாட்டுப் போட்டுப் பெயர் வாங்கியது. 2022-ல் "இனி காசு கட்டினால்தான் பாட்டு" என்று கதவைச் சாத்தியது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஃபிளைட் மூடியது. ஆனால் அதில் ஆறு ரூபாய்க்கு வாங்கி இறக்கி வைத்தவரின் பாட்டு இன்றைக்கும் பாடும். மாதச் சந்தாவில் இறக்கிய பாட்டோ, கடை மூடிய அன்றோடு முடிந்தது. சொந்தத்துக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இருந்த பாட்டு எங்கே?

கடை மூடாவிட்டாலும் பாட்டு காணாமல் போகும். அதுவும் நடந்திருக்கிறது.

2019-ம் ஆண்டு ஸ்பாட்டிஃபைக்கும் சரிகமாவுக்கும் ஒத்துப்போகவில்லை. விவகாரம் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனது. சரிகமாவின் பாட்டுகளை எடுத்துவிடுவதாக ஸ்பாட்டிஃபை ஒப்புக்கொண்டது. எச்.எம்.வி. காலத்துப் பழைய பாட்டு ஏராளம் அவர்களிடம்தானே இருக்கிறது! 2020-ல் இருவரும் கைகுலுக்கிய பிறகுதான் பாட்டு திரும்பியது.

2023 மார்ச்சில் ஜீ மியூசிக்கோடு தகராறு. இந்திப் படப் பாட்டுகள் பல ராத்திரியோடு ராத்திரியாக மறைந்தன. பிறகு பேசி முடித்துக்கொண்டார்கள்.

இரண்டு கம்பெனிகள் சண்டை போடட்டும். நடுவில் சந்தா கட்டியவன் என்ன பாவம் செய்தான்? அவனுக்கு ஒரு ரூபாயாவது தள்ளுபடி உண்டா?

ஆகவே சந்தா கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்கு ரொம்பப் பிடித்த இருபது பாட்டை ஒரு தாளில் எழுதுங்கள். இலவசமாகவே தேடிப் பாருங்கள். எத்தனை கிடைக்கிறது? அசல் பாடகர் குரலா, வேறு யாரோ பாடிய நகலா? எம்.எஸ்.விஸ்வநாதன் பாட்டு எல்லா இடத்திலும் வரும். நாகூர் ஹனீபாவின் பாட்டைத் தேடுங்கள். உங்கள் ஊர்த் திருவிழாவில், சந்தனக்கூட்டில் கேட்ட பாட்டைத் தேடுங்கள். அங்கேதான் செயலியின் சாயம் வெளுக்கும். "கோடிப் பாட்டு இருக்கிறது" என்றால் போதுமா? நமக்கு வேண்டிய இருபது இருக்கிறதா என்பதே கேள்வி!

எது தேவலை?

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்பாட்டிஃபை: ஒரு பாட்டுக் கேட்டால் அதே ஜாதியில் அடுத்த பாட்டை எடுத்துக் கொடுப்பதில் கில்லாடி. விளம்பரத்தோடு இலவசமாகவும் கேட்கலாம்.

ஜியோசாவன்: 2007-ல் பிறந்த சாவனும் ஜியோ மியூசிக்கும் 2018-ல் சேர்ந்து உண்டானது. இந்திய மொழிப் பாட்டே இதன் சரக்கு. தமிழ்ப் படப் பாட்டுக்குக் குறை வைப்பதில்லை.

யூடியூப்: அபூர்வமான பழைய பாட்டு, கச்சேரி, மேடைப் பாட்டு, உள்ளூர்க்காரர் ஏற்றிய பாட்டு எல்லாம் கிடைக்கும் இடம் இதுதான். ஆனால் இலவசமாகக் கேட்டால் திரையை அணைத்ததும் பாட்டு நின்றுவிடும். அந்த ஒரு வசதிக்காகவே பலர் சந்தா கட்டுகிறார்கள்.

ஆப்பிள் மியூசிக்: ஒலி சுத்தம். காசு கட்டினால்தான் உள்ளே போக முடியும்.

அமேசான்: சாமான் வாங்குவதற்காகப் பிரைம் சந்தா வைத்திருந்தால் பாட்டு கூடவே வரும். 2018 முதல் இப்படி. பாட்டுக்காக மட்டும் பிரைம் எடுப்பது, கறிவேப்பிலைக்காகக் கடையையே வாங்குவது போல!

ரேடியோ: இதை ஏன் மறந்தோம்? காசு கிடையாது. டேட்டா கிடையாது. இந்தக் கரைக்காரர்கள் ஒரு காலத்தில் இலங்கை வானொலியைக் கேட்டே வளர்ந்தவர்கள். அடுத்த பாட்டு எது என்று தெரியாமல் காத்திருப்பதில் ஒரு ருசி இருந்தது.

விலையும் சலுகையும் அடிக்கடி மாறும். ஆகவே கட்டும் நாளில் திரையில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டுக் கட்டுங்கள்.

கடைக்காரர்கள் கவனத்துக்கு!

"மாதச் சந்தா கட்டிவிட்டேன், இனி கடையில் தைரியமாகப் பாட்டுப் போடலாம்" என்று நினைக்கும் ஓட்டல்காரர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள் உண்டு.

ஜாக்கிரதை! அந்தச் சந்தா உங்கள் சொந்தக் காதுக்கு மட்டும். வாடிக்கையாளருக்குப் பாட்டுப் போடுவது வேறு. அதற்குத் தனி லைசென்ஸ் கேட்கும் அமைப்புகள் இருக்கின்றன. ஒலிப்பதிவுக் கம்பெனிகளுக்காக பி.பி.எல்.; பாட்டு எழுதியவர், இசையமைத்தவர்களுக்காக ஐ.பி.ஆர்.எஸ். இரண்டும் நேற்றுப் பிறந்தவை அல்ல. முன்னது 1941-லும், பின்னது 1969-லும் தொடங்கியவை. கல்யாணம் போன்ற சடங்குகளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. கடைக்கு அந்த விலக்கு இல்லை.

பாடுகிறவனுக்கு என்ன?

"திருட்டுப் பாட்டைவிடச் சந்தா மேல்; கலைஞனுக்குக் காசு போகிறதே" என்று சொல்பவர்கள் உண்டு. நியாயமான பேச்சு. காசு போகிறது, மறுக்க முடியாது. ஆனால் யாருக்குப் போகிறது?

வசூலான மொத்தத் தொகையையும் ஒரே குவியலாகப் போட்டு, யார் பாட்டு எத்தனை தடவை ஓடியது என்று எண்ணிப் பங்கு பிரிப்பதுதான் வழக்கம். பெரிய படத்துப் பாட்டுக்குப் பெரிய பங்கு. நீங்கள் மாதம் முழுக்க ஒரு உள்ளூர்க்காரர் பாட்டை மட்டுமே கேட்டாலும், உங்கள் ரூ.199-ல் பெரும்பகுதி அவரிடம் போகாது. 2024 முதல் ஸ்பாட்டிஃபை இன்னொரு விதியும் கொண்டுவந்தது. 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவுப் பங்கு கிடையாது!

கச்சேரி மேடையில் பாடிப் பிழைக்கும் சின்னக் கலைஞன் இதில் என்ன சம்பாதிப்பான்? அவன் பாட்டைப் பத்து ரூபாய்க்கு நேரே விற்றால், நூறு பேர் வாங்கினாலும் ஆயிரம் ரூபாய் கையில் நிற்கும். நூறு பேர் செயலியில் ஆளுக்கு ஒன்பது தடவை கேட்டால் 900 தடவைதான் ஆகிறது. பங்கு ஒன்றும் இல்லை!

யார் கட்டலாம்? யார் வேண்டாம்?

முடிவுக்கு வருவோம்.

பஸ்ஸில் போய்வரும் குமாஸ்தாவுக்குச் சந்தா தேவையில்லை. ஒரு மணி நேரம் சாதாரணத் தரத்தில் பாட்டுக் கேட்டால் 60 எம்.பி. டேட்டாகூடச் செலவாகாது. தினம் 1.5 ஜி.பி. ரீசார்ஜ் போட்டிருப்பவருக்கு அது கொசுறு. நடுவில் இரண்டு விளம்பரம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். டீக்கடை ரேடியோவில் விளம்பரம் கேட்காமலா வளர்ந்தோம்?

கடைக்காரர், பாட்டுச் சந்தாவுக்கு முன் லைசென்ஸைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு, பழைய பாட்டுப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள். செயலியைத் திறந்து, பாஸ்வேர்டு போட்டு, தேடி... அவர்களுக்கு எதற்கு அந்தப் பாடு?

கடலுக்குப் போகிறவர் கட்டலாம். ஆனால் ஆட்டோபே இல்லாமல், மாதா மாதம் கையால் கட்டுங்கள். தடைக்காலம் பிறந்தால் நிறுத்திவிடுங்கள். படகுக்கு ஒருவர் சந்தா வைத்திருந்தால் போதும். பாட்டு ஐந்து பேர் காதிலும் விழும்.

புதுப் பாட்டு வெறியர்கள், மாணவர்கள் கட்டலாம். மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

கம்பெனிகளுக்கு மூன்று கேள்வி!

ஒன்று: ஸ்பாட்டிஃபை 2020 டிசம்பரில் நாளுக்கு ரூ.7, வாரத்துக்கு ரூ.25 என்று சின்னச் சந்தா கொண்டுவந்தது. தினக்கூலிக்காரன் கைக்கு ஏற்ற கணக்கு அது. எல்லாக் கம்பெனியும் ஏன் அப்படித் தரக் கூடாது? வாரத்துக்கு மூன்று நாள் கடலுக்குப் போகிறவன் மூன்று நாளுக்குக் கட்டட்டுமே! மூன்று ஏழு இருபத்தொன்று. அதைச் சந்தோஷமாகக் கொடுப்பான்.

இரண்டு: பாட்டை எடுத்துவிட்டால், சந்தாக்காரருக்குத் தள்ளுபடி எங்கே? அரிசி மூட்டையில் இரண்டு கிலோ குறைந்தால் கேட்கிறோம். பாட்டு மூட்டையில் குறைந்தால் கேட்கக் கூடாதா?

மூன்றுதான் முக்கியம். பாட்டை விற்க ஏன் மனம் வரவில்லை? சின்னத் தொகையைக் கட்ட வழியில்லை என்று 2013-ல் கடையை மூடினார்கள். அன்று அது உண்மை. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. இன்றைக்கு டீக்கடையில், பூக்கடையில், மீன் ஏலம் எடுக்கும் இடத்தில்கூட அட்டை தொங்குகிறது. பத்து ரூபாயைப் போனில் தட்டிவிட்டுப் போகிறோம். அன்று சொன்ன காரணம் செத்துவிட்டது. ஆனால் பாட்டு விற்கும் கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்! ஐபோன்காரர்களுக்காக 2012-ல் ஐடியூன்ஸ் கடை வந்தது. சாதாரணப் போன்காரன் எங்கே போவான்? மெமரி கார்டில் திருட்டுப் பாட்டு ஏற்றும் கடைக்குத்தான் போவான். அவனைத் திருடன் என்று திட்டுவதற்கு முன், அவன் காசு கொடுத்து வாங்க ஒரு கடையைத் திறந்து வையுங்கள்.

ஒரு டீ விலைக்கு ஒரு பாட்டு. பூட்டு இல்லை. கெடு இல்லை. வாங்கியவனுக்கே சொந்தம். அவன் மகனுக்கும் சொந்தம். அப்படி ஒரு கடை வந்தால் கோட்டைப்பட்டினத்திலிருந்து கூட்டம் வரும்.

அதுவரை, வாடகை சைக்கிளை வாடகை சைக்கிளாகவே ஓட்டுங்கள். வேண்டிய நேரத்துக்கு எடுங்கள். வேலை முடிந்ததும் கடையில் விட்டுவிடுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் வாடகை ஏற விடாதீர்கள்!